ரிட்டர்னை அடுத்து விழும் அரைப்புள்ளி: டிசி39 குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரநிலையை வகுக்கும் எக்மா இன்டர்நேஷனலின் டிசி39 குழுவினருக்கு,

வணக்கம். நிரலாக்கத்தை முதன்முதலாகக் கற்க வருவோருக்கு நான் தமிழில் ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கட்டளையின் முடிவைக் குறிக்கும் அரைப்புள்ளி (;) விட்டுப்போனால் அதை மொழியே இட்டுக்கொள்ளும் விதி 1997-இல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது என்பதும், இன்று அதை நீக்கினால் எத்தனையோ இணையதளங்கள் உடைந்துபோகும் என்பதும் தாங்கள் அறிந்தவை. நீக்கும்படி நான் கேட்கவில்லை. மொழி தானாக அரைப்புள்ளி இட நேரும் இடங்களையெல்லாம் பிழை என்று அறிவிக்கும் ஒரு முறையை, வேண்டுவோர் தேர்ந்துகொள்ளும் வகையில், தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சென்ற வாரம் வகுப்பில் ஒரு மாணவி பட்ட பாடுதான் இம்மடலை எழுத வைத்தது. அவர் சி பிளஸ் பிளஸ் படித்துவிட்டு வந்தவர். நெளிவு அடைப்புக்குறியை ({) புதுவரியில் தொடங்கிப் பழகியவர். ஒரு வேலையைச் செய்யும் நிரல்பகுதியான ஃபங்ஷனுக்குள், மதிப்பைத் திருப்பித் தரச் சொல்லும் ரிட்டர்ன் என்ற சொல்லை எழுதி, அடுத்த வரியில் அடைப்புக்குறியைத் திறந்து, உள்ளே ‘விலை: 40’ என்று எழுதி மூடினார். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஃபங்ஷன், மதிப்பு எதுவும் இல்லை என்று பொருள்படும் அன்டிஃபைன்ட் என்பதைத் திருப்பித் தந்தது. ரிட்டர்னை அடுத்து மொழி அரைப்புள்ளி இட்டுவிட்டது, பெயர்களோடு மதிப்புகளைச் சேர்த்து வைக்க அவர் எழுதிய ஆப்ஜெக்ட், கட்டளைகளை அடைக்கும் வெறும் பிளாக்காகிவிட்டது, ‘விலை’ கட்டளைக்கு இடும் பெயரான லேபிளாகிவிட்டது என்பதைத் திரையில் எதுவும் அவருக்குச் சொல்லவில்லை. பிறகு காற்புள்ளி இட்டு ‘அளவு: 2’ என்பதையும் சேர்த்தார். இப்போது பிழை வந்தது; ஆனால் இரண்டாவது முக்காற்புள்ளியை (:) காட்டி, எதிர்பாராத குறி என்று வந்தது. முதல் முக்காற்புள்ளியை ஏற்றுக்கொண்ட மொழி இரண்டாவதை ஏன் மறுக்கிறது என்று அந்த வரியையே அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தார். தவறு அதற்கு மேலே, ரிட்டர்ன் இருந்த வரியில், அவர் இடாத ஒரு குறியில் இருந்தது.

இது தவிர்க்க முடியாத சிக்கல் என்று ஏற்க மனம் வரவில்லை. நிரலே ஒரு பிழையை எழுப்பப் பயன்படும் த்ரோ என்ற சொல்லை எழுதி வரியை உடைத்தால் நிரல் ஓடாது, அந்த இடத்திலேயே பிழை தெரிகிறது. அதே தரநிலையில், அதே வரிமுறிவு, ரிட்டர்னுக்குப் பின் வந்தாலோ மௌனமாக விழுங்கப்படுகிறது. மறுபுறம், அடுத்த வரி சதுர அடைப்புக்குறியிலோ சாதாரண அடைப்புக்குறியிலோ தொடங்கினால், மாணவர்கள் எதிர்பார்க்கும் அரைப்புள்ளி விழுவதே இல்லை. இரண்டு வரிகளும் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. இதையெல்லாம் முதல் வாரத்தில் எந்த ஆசிரியர் விளக்க முடியும்?

நிரலை ஆராய்ந்து தவறுகளைச் சுட்டும் தனிக் கருவியான லின்டர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே எப்போதும் கிடைக்கும் பதில். உலாவியின் கன்சோலைத் திறந்து முதல் வரியைத் தட்டும் பிள்ளையிடம் லின்டர் இருப்பதில்லை, அப்படியொன்று உண்டென்றும் தெரியாது. மொழியின் விதி ஏற்படுத்தும் குழப்பத்துக்கு வெளியிலிருந்து ஒரு கருவியைத் தேடிக்கொள் என்று தொடக்கநிலையினரிடம் சொல்வது நியாயமன்று. அனுபவசாலிகளிலும் ஒரு சாரார் ஒவ்வொரு வரியிலும் அரைப்புள்ளி வேண்டும் என்கிறார்கள், இன்னொரு சாரார் தேவையே இல்லை என்கிறார்கள். இரண்டையும் படிக்கும் மாணவர் தன் அறிவைத்தான் சந்தேகிக்கிறார்.

பழைய நிரல்களை உடைக்காமல் விதிகளை இறுக்க முடியும் என்பதை 2009-இல், வேண்டுவோர் கடுமையான விதிகளைத் தேர்ந்துகொள்ள நிரலில் எழுதும் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ என்ற குறிப்பு வழியாகத் தாங்களே காட்டினீர்கள். 2015-இல், நிரலைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து எழுதும் மாட்யூல்கள் வந்தபோது அவற்றுக்கு அந்த இறுக்கத்தைத் தாமாகவே பொருந்தச் செய்தீர்கள். அரைப்புள்ளியை மட்டும் இரண்டு முறையும் தொடாமல் விட்டுவிட்டீர்கள்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: தானாக அரைப்புள்ளி இடுவதைப் பிழையாக அறிவிக்கும் ஒரு முறையைத் தாருங்கள். அதற்குக் காலம் பிடிக்குமெனில், அம்முறையின் முதற்படியாக, ரிட்டர்னுக்குப் பின் வரும் வரிமுறிவை மட்டுமாவது த்ரோவைப் போலவே நடத்துவது பற்றித் தங்கள் கூட்டமொன்றில் விவாதிக்க வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
ஜாவாஸ்கிரிப்ட் பயிற்றுநர் ஒருவர்