எட்டு கோர் இருந்தால் எட்டு மடங்கு வேகமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார அறிவியல் பக்கத்தில் மல்டிகோர் பிராசசர், அதாவது ஒரே சில்லுக்குள் கோர் எனப்படும் பல கணக்கிடும் அலகுகள் கொண்ட பிராசசர் பற்றி வந்த கட்டுரையை என் மாணவர்களோடு உட்கார்ந்து படித்தேன். எளிமையான நடை, மகிழ்ச்சி. ஆனால் எட்டு கோர் இருந்தால் வேகமும் எட்டு மடங்கு என்று முடித்துவிட்டது மனசுக்கு ஒப்பவில்லை. வேலையை எப்படிப் பங்கிடுகிறோம் என்பதல்லவா முக்கியம்?

எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு இரண்டாங்கட்டில் உட்கார்ந்து சீப்புச் சீடை சுற்றுவோம். மாவை ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் கைவேகமுள்ள ஆச்சி சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருப்பார். ஒரே குண்டானில் வைத்தால் அதைச் சுற்றி நெரிசல். அதனால் அவரவர் தட்டில் அவரவர் மாவு. முடித்தவர் பக்கத்துத் தட்டுக்குப் போய், அங்கே கையில் சுற்றிக்கொண்டிருப்பதைத் தொடாமல், இன்னும் கிள்ளாத பெரிய உருண்டையை எடுத்து வருவார்.

கணினியில் இதற்கு வொர்க் ஸ்டீலிங், அதாவது வேலைத் திருட்டு என்று பெயர். ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை. தன் வரிசையில் கடைசியாக வந்த வேலையை அது எடுக்கும். வேலை தீர்ந்த கோர், ஏதாவது ஒரு கோரைக் குத்துமதிப்பாகப் பிடித்து, அதன் மறுமுனையிலிருந்து பழைய வேலையை எடுக்கும். பிரித்துக்கொண்டே போகும் கணக்கில் பழையதுதான் பெரும்பாலும் பெரியது. ஒருமுறை எடுத்தால் வெகுநேரம் தாங்கும். தேடி அலையும் செலவும் சும்மா இருப்பவருக்குத்தான். எனக்கு மிகப் பிடித்தது இந்த இடம்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான சில்க் (Cilk) என்ற நிரல்மொழி இப்படித்தான் இயங்கியது. மொத்த வேலையைக் கோர்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒன்றன்பின் ஒன்றாகவே செய்தாக வேண்டிய மிக நீளமான சங்கிலியின் சில மடங்கைக் கூட்டினால், சராசரியாக அந்த நேரத்துக்குள் வேலை முடியும் என்று அதை உருவாக்கியவர்களில் இருவரான புளூமோஃபும் லீசர்சனும் நிறுவினார்கள். அந்தச் சங்கிலி நீளமாக இருந்தால் எத்தனை கோர் வாங்கினாலும் பயனில்லை. 2011இல் ஜாவா நிரல்மொழியின் 7ஆம் பதிப்பிலும் ஃபோர்க்-ஜாயின் என்ற பெயரில் இதே முறை வந்தது.

எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் சுடோகு தீர்க்கும் நிரலை நான்கு கோருக்கு முன்கூட்டியே பிரித்துக் கொடுத்தார்கள். மூன்று சட்டென்று முட்டுச்சந்தில் நின்றுவிட, நான்காவது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் வொர்க் ஸ்டீலிங்குக்கு மாற்றியதும் ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேலை செய்கிறது என்று திரையில் காட்டும் நான்கு கோடுகளும் மேலேயே நின்றன. உற்சாகத்தில் வேலையைப் பொடிப்பொடியாக நறுக்கினார்கள், வேகம் குறைந்தது. ஒவ்வொரு சீடைக்கும் எழுந்து போய் வந்தால் எப்படி?

இதைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கமிருந்து தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் காட்ட, கரும்பலகையைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை.

– கணினி ஆசிரியை, காரைக்குடி