லேசருக்குப் பணம் கட்டும் முன்

திருநெல்வேலி
ஐப்பசி 20

அன்பு மகள் மீனாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். மூக்கோரமும் கன்னமும் குழி குழியாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். தெரிகிறதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். உன் அப்பாவுக்கும் அப்படித்தான், ஆச்சிக்கும் அப்படித்தான். எண்ணெய் வழியும் முகம் நம் வீட்டு வாகு. ஆனால் போனை ஒரு சாண் தூரத்தில் பிடித்து எடுத்தால் எந்த மூக்கும் பெரிதாகத்தான் விழும்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று தடவை லேசர், முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று பியூட்டி சென்டரில் சொன்னார்களாமே. அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷமாகத் தோல் ஓ.பி.யில் நிற்கிறவள் சொல்கிறேன் என்று கேள்.

குழி என்கிறாயே, அந்தத் தோல் துவாரத்துக்குத் திறக்கவும் மூடவும் தசை கிடையாது. ஆவி பிடித்தால் திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. முடி முளைக்கிற குழியின் வாய் அது. உள்ளே எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. எண்ணெய் அதிகம் சுரந்தாலோ, அடைத்துக்கொண்டாலோ, வயதாலும் வெயிலாலும் சுற்றியுள்ள தோல் தளர்ந்தாலோ வாய் அகலமாகத் தெரியும். எந்தச் சிகிச்சையும் அதை இல்லாமல் ஆக்காது, சின்னதாகக் காட்டும். "அடியோடு போய்விடும்" என்று யாராவது சொன்னால் அங்கே உட்காராதே, எழுந்து வந்துவிடு.

அவர்கள் சொல்வது பிராக்‌ஷனல் சி.ஓ.2 லேசராகத்தான் இருக்கும். அதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். தோலில் உள்ள தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கி ஆவியாகிவிடும். ஊசி குத்தினாற்போல் துளைகள் விழும், நடுநடுவே நல்ல தோலை விட்டுவைக்கும். அந்த நல்ல தோலிலிருந்துதான் புண் ஆறி, தோலைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் என்ற புரதம் புதிதாக உண்டாகித் தோல் இறுகும். தெரிந்த டாக்டர் கையில் அது நல்ல கருவிதான். பருத் தழும்போடு வந்தவர்கள் முகம் தெளிந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நம் நிறத்துத் தோல் சூடு பட்டால் சட்டென்று கருக்கும். எவ்வளவு சூடு வைக்கலாம், எவ்வளவு இடைவெளி விடலாம் என்று தெரிந்தவர்தான் அதைத் தொட வேண்டும்.

போன வருஷம் உன் வயசில் ஒரு பெண் வந்தாள். எங்கேயோ பார்லரில் லேசர் வைத்திருக்கிறார்கள். இரண்டு கன்னத்திலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தின மாதிரி சதுரம் சதுரமாகக் கறுப்பு. துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கேட்ட பிறகும் அதை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. நான்தான் மெதுவாக விலக்கினேன். அந்தக் கருமை மங்க எட்டு மாசம் ஆயிற்று.

உனக்கு இன்னொன்றும் இருக்கிறது, மறந்திருப்பாய். காலேஜ் படிக்கும்போது இடது காதில் இரண்டாவது தோடு குத்தினாயே, அந்த இடம் கொண்டைக்கடலை அளவுக்குத் தடித்து, மூன்று தடவை ஊசி போட்டு அமுக்கினோம். அது கீலாய்ட், காயம் ஆறின பிறகும் தழும்பு மிஞ்சித் தடித்து வளர்வது. அந்த வாகு உள்ளவர்களுக்கு லேசரோ, டெர்மா ரோலர் என்கிற ஊசி உருளையோ வைக்க டாக்டர்கள் ரொம்ப யோசிப்பார்கள். பேக்கேஜ் பேசினவர்கள் உன் காதைப் பார்த்தார்களா?

என்னைக் கேட்டால் சாலிசிலிக் பீலில் ஆரம்பி. சாலிசிலிக் அமிலம் தடவி மேல்தோலை லேசாக உரிய வைப்பதுதான் அது. அந்த அமிலம் எண்ணெயில் கரையும், அதனால் குழிக்குள் இறங்கி அடைப்பைக் கரைக்கும். பயப்படாதே, நான் எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். முகம் கழுவி, அசிட்டோன் நனைத்த பஞ்சால் எண்ணெய் போகத் துடைப்போம். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் வாசலின். பிறகு நெற்றியிலிருந்து தொடங்கித் தடவுவோம். கையில் ஒரு சின்ன விசிறியைக் கொடுத்துவிடுவோம். முதல் நிமிஷம் சுரீர் என்று எரியும், அப்புறம் மரத்துப்போகும். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை படியும். மருந்து காய்ந்து நிற்பதுதான் அது, தோல் வெந்துவிட்டது என்று பதறாதே. ஐந்து நிமிஷத்துக்குள் கழுவிவிடலாம். இரண்டு மூன்று நாளில் மூக்கோரம் வெங்காயச் சருகு மாதிரி உரியும். பிய்க்கக் கூடாது, அங்கேதான் கருக்கும். அமிலத்தின் வீரியத்தை 20 சதவீதத்தில் ஆரம்பித்து 30 வரை கூட்டுவார்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஆகாது. உனக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் மார்கழி பிறக்கும் முன் மூன்று முடிந்துவிடும். அதற்கப்புறம் கல்யாணம் வரைக்கும் முகத்தில் புதிதாக எதுவும் வேண்டாம். நலங்கு மஞ்சள் உரிந்த தோலில் பட்டால் தீயாக எரியும். பீலுக்கு முந்தின வாரம் பிளீச், திரெடிங் எதுவும் கூடாது. லேசர்தான் வேண்டுமென்றால் கல்யாணத்துக்குப் பிறகு ஆற அமரப் பார்க்கலாம், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ராத்திரி தடவ அடாபலீன் என்ற களிம்பு எழுதிக் கொடுப்பார்கள். பட்டாணி அளவு முகம் முழுக்கப் போதும். பீலுக்குச் சில நாள் முன்னால் அதை நிறுத்தச் சொல்வார்கள். குழந்தை என்று நினைக்கும்போது அதை அறவே விட்டுவிட வேண்டும். சன்ஸ்க்ரீன் எஸ்.பி.எஃப். 30, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் போடு. பெங்களூரில் குளிர்கிறதே என்று விட்டுவிடாதே. மருந்துக்கடையில் தோழிகள் சொன்ன க்ரீமை வாங்கிப் பூசவே பூசாதே. 2018-லேயே ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தும், கேட்டால் எடுத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பூசி முகம் செக்கச்செவேலென்று எரிய எரிய வருகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். என்று தோல் மருத்துவப் படிப்பு இருக்கிறதா பார். இல்லையென்றால் என்ன படித்தீர்கள் என்று கேள். அதில் கூச்சம் என்ன இருக்கிறது? முன்பணம் கட்டிவிட்டிருந்தால் போகட்டும், அந்தப் பணத்தை நான் தருகிறேன். அதை நினைத்துப் போய் உட்கார்ந்துவிடாதே.

நேரம் வாங்கினதும் தேதியைச் சொல்லு. லீவு போட்டுவிட்டு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவேன். முதல் நாள் மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்ப்பார்கள். நான் வந்து சேரத் தாமதமானால், நீயே வலது காதைக் காட்டு.

அம்மா