மாத்திரை விடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு

பெயர் போட்டு நன்றி சொன்னால் எனக்கு எச்.ஐ.வி. இருக்கிற விஷயமும் சேர்ந்து ஊருக்குத் தெரிந்துவிடும், அதனால் யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் அவரவருக்கே புரியும்.

எச்.ஐ.வி. மாத்திரையை ஏன் விடுகிறார்கள் என்று கேட்கிறவர்கள் பாதிப் பேர், ‘அலட்சியம்’ என்று பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மருந்து இலவசம்தான், 2004 ஏப்ரலில் அரசு ஏ.ஆர்.டி. என்கிற, வைரஸை அடக்கி வைக்கும் இந்த மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோதே தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அதை வாங்கப் போகிற நாளுக்குக் கூலி யார் தருவது? முன்பு நான் இருந்த தையல் கம்பெனியில் மாதாமாதம் லீவு கேட்டதற்கு, “அப்படி என்னம்மா வியாதி?” என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டார். இப்போதைய கடை அக்கா இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. அக்கா, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

வியாசர்பாடியிலிருந்து தாம்பரம் வரை எதற்குப் போகிறாய், பக்கத்திலேயே சென்டர் இருக்கிறதே என்பார்கள். பக்கத்தில் போனால் பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பாரே! வீட்டிலும் இதே கதைதான். ஒரே அறை, அதில் மாமியார், நாத்தனார், பிள்ளைகள். முப்பது மாத்திரை டப்பா, பையைத் தூக்கினாலே கிலுகிலுவென்று காட்டிக்கொடுக்கும். “வேறு டப்பாவுக்கு மாற்றாதே, ஈரம் பட்டுவிடும்” என்று சொல்லி, லேபிளை உரித்து, உள்ளே பஞ்சை அடைத்துக் கொடுத்தீர்களே கவுன்சிலர் அக்கா, அன்றைக்குப் பிறகு அந்தச் சத்தம் இல்லை.

முன்பு கொடுத்த ராத்திரி மாத்திரையைப் போட்டால் தலை சுற்றும், கண்டபடி கனவு வரும், விடிகாலையில் எழுந்து தண்ணீர் பிடிக்க முடியாது. பலர் இதைச் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரம்மா, நீங்களாகவே கேட்டு டோலுடெக்ராவிர் என்கிற மருந்து சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினீர்கள். தினம் ஒன்று, காலையில் போட்டாலும் சரி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது என்று பார்மசி அண்ணா சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

2020 லாக்டவுனில் ரயில் நின்றபோது மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்த தம்பி, மாமியாரிடம் ரேஷன் கார்டு விஷயமாக வந்தேன் என்று கூசாமல் புளுகினாயே, இன்றுவரை அவர் “அந்தக் கார்டு என்னாச்சு?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் மருந்து விட்டுப்போனால் வைரஸ் அதற்குப் பழகி, அப்புறம் அதே மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். எனக்கு அப்படி ஆகவில்லை, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, இப்போது கண்டுபிடிக்க முடியாத அளவில் இருக்கிறது. அதில் உன் புளுகுக்கும் பங்கு உண்டு.

வரிசையில் என் பையை வைத்து இடம் பிடித்துத் தந்த கண்ணகி நகர் அக்கா, உங்கள் நம்பர் மாறிவிட்டது போல, அழைத்தால் போகவில்லை. இதைப் பார்த்தால் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்.