அறுபது கடந்த கால்களுக்கு வலு சேர்க்க ஓர் அறை: நன்கொடை வேண்டுகோள்

நம் நகர் மக்களுக்கும், வேலை நிமித்தமாக வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பெரிய அறை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் அங்கே கேரம் போர்டு இருந்தது. பிறகு பந்தல் சாமான்களைப் போட்டு வைத்தோம். அந்த அறையைச் சரிசெய்து, 60 வயது தாண்டியவர்களுக்குக் காலும் இடுப்பும் தோளும் வலுப்பெறப் பயிற்சி தரும் இடமாக மாற்ற நம் நகர்ச் சங்கத்தின் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அதற்குப் பணம் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

போன மழைக்காலத்தில் மூன்றாவது தெரு அம்மா ஒருவர் காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டார். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் கழிவறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மருமகள் கை கொடுக்க வேண்டியிருந்தது. சர்க்கரையும் முன்பைவிட ஏறியிருந்தது. பார்க்கப் போன எங்களிடம் அவர், "கஞ்சியைத் தவிர ஒண்ணும் சாப்பிடலையே, எப்படி ஏறுச்சு?" என்று கேட்டார். காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும் என்பது ஒரு பதில். இன்னொரு பதில் அவருடைய தொடையில் இருந்தது.

சாப்பிட்ட பிறகு இன்சுலின் சொல்படி ரத்தத்திலிருந்து வெளியேறும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது நம் தசைதான். நெல்லுக்குக் குதிர் போல, சர்க்கரைக்குத் தசை. 30 வயதுக்கு மேல் அந்தக் குதிர் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை சிறுக்கிறது, 60க்குப் பிறகு இன்னும் வேகமாக. படுக்கையில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007இல் வெளிவந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது.

அளவு குறைவதோடு போகவில்லை. எஞ்சியிருக்கும் தசையும் இன்சுலின் பேச்சை முன்போல் கேட்பதில்லை. தசை இழைக்குள் கொழுப்பு சேர்கிறது, எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சோர்ந்துபோகிறது. 2003இல் யேல் பல்கலைக்கழகத்தார் ஒல்லியான, நோயற்ற முதியவர்களையும் இளைஞர்களையும் ஒப்பிட்டார்கள். முதியவர்களின் தசை இன்சுலின் சொல்லுக்கு இணங்கி எடுத்துக்கொண்ட சர்க்கரை சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. "நான் ஒல்லிதானே, எனக்கென்ன" என்று சொல்லும் பெரியவர்கள் நம் நகரில் நிறைய. அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டவருக்கு அதே எடையிலும் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பது வழக்கம்.

இனி நம்பிக்கை தரும் பகுதி. தசைக்குள் சர்க்கரையை விடும் வாசல் ஒன்று உண்டு, குளூட்-4 என்று பெயர். இன்சுலின் வந்து தட்டினால் அது செல்லின் மேல்பரப்புக்கு வந்து திறக்கும். தசை சுருங்கி வேலை செய்தாலும் அதே வாசல் திறக்கும், இன்சுலின் தட்ட வேண்டியதே இல்லை. அதாவது இன்சுலினுக்கு மசியாத தசையும் உழைப்புக்கு மசிகிறது. ஒருமுறை நன்றாக உழைத்த தசை அடுத்த ஓரிரு நாள்வரை இன்சுலின் சொல்லையும் கூடுதலாகக் கேட்கிறது. அதற்குள் மறுபடி வேலை கொடுக்காவிட்டால் பலன் கரைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைத்தால் என்ன என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி என்று நாங்கள் பிடிவாதமாக நின்றது இதனால்தான்.

இன்னொரு கேள்வியும் வந்தது. தினமும் காலையில் பூங்காவைச் சுற்றி நடக்கிறோமே, போதாதா? நடப்பதை நிறுத்திவிடாதீர்கள், அதன் பலன் நம் ஊரிலேயே நிரூபணமானது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கிச் சுமார் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2006இல் முடிவு வெளிவந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் அது 39தான். அவர்கள் நடுத்தர வயதினர். வயதானவர்களுக்குப் பலிக்குமா என்றால், 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு, இந்த வழியில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஒட்டுமொத்தமாக 58 சதவீதமும், 60 தாண்டியவர்களிடம் 71 சதவீதமும் குறைந்ததாகக் காட்டியது.

ஆனால் நடையால் மட்டும் தொடை பெருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வழிகாட்டுதல், 65 வயது கடந்தவர்கள் வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற பயிற்சி செய்வதோடு, இரண்டு நாளாவது தசைக்குச் சுமை கொடுக்க வேண்டும், மூன்று நாளாவது உடல் சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. நம்மிடம் இல்லாதது இந்தப் பின்பாதிதான்.

சுமை தூக்கும் வயதா இது என்று தயங்குபவர்களுக்கு பாஸ்டன் நகரத்து முதியோர் மையம் ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 86 முதல் 96 வயது வரையிலான தளர்ந்த பெரியவர்கள் பத்துப் பேருக்கு, மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர் எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. கைத்தடி பிடித்து நடந்த இருவர் தடியை விட்டார்கள். இது 1990இல் வெளியான செய்தி. இத்தனை ஆண்டுகளாகியும் நம் பெரியவர்களிடம் "பார்த்து, எதையும் தூக்காதீங்க" என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

சரி, பணம் எதற்கெல்லாம்? பெரிய ஜிம் இயந்திரம் எதுவும் வாங்கப் போவதில்லை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலிகள், கணுக்காலில் கட்டும் மணல் பைகள், ரப்பர் பட்டைகள், சிறிய டம்பெல்கள், சுவரோரம் பிடிகம்பி, ஒரு பிபி கருவி, ஒரு குளுக்கோமீட்டர். இவ்வளவும் 70,000 ரூபாயில் அடங்கும். கூரை ஒழுகலை அடைக்கவும், வழுக்காத தரை போடவும், வாசலில் சாய்தளம் கட்டவும் 1,80,000.

பெரிய செலவு ஆளுக்குத்தான். அதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. இன்சுலின் ஊசியோ சில வகை சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துத் தம் கட்டவே கூடாது. பாதம் மரத்தவர்களுக்குப் புண் வந்ததே தெரியாது. இதையெல்லாம் அறிந்த, தகுதி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வேண்டும். மாதம் 18,000 வீதம் இரண்டு ஆண்டுக்கு 4,32,000. பெண்களுக்கு உதவியாக இருக்க ஓர் அம்மாவுக்கு மாதம் 6,000 வீதம் 1,44,000. சோதனை ஸ்டிரிப், குளுக்கோஸ், பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு கிண்ணம் சுண்டல் ஆகியவற்றுக்கு மாதம் 4,000 வீதம் 96,000. சுண்டலை உபசாரமாக நினைக்க வேண்டாம். புரதம் இல்லாமல் தசை வளராது, ரசஞ்சோறும் மோருமாகவே ஓட்டும் பெரியவர்களுக்கு அது அவசியம்.

மொத்தம் 9,22,000 ரூபாய். செயற்குழுவினரும் சில குடும்பங்களும் சேர்ந்து 2,60,000 கொடுத்திருக்கிறோம். இன்னும் வேண்டியது 6,62,000. காலை இரண்டு, மாலை இரண்டு என நான்கு குழுக்கள், குழுவுக்கு 20 பேர், ஆக 80 பேர். அறை தயாரான பிறகு ஒருவருக்கு மாதம் ஆகும் செலவு 350 ரூபாய்தான், ஆண்டுக்கு 4,200. உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஓர் ஆண்டுக்கான தொகையைக் கட்டும்போது, முடிந்தால் பிள்ளைகள் அருகில் இல்லாத இன்னொருவருக்கும் சேர்த்துக் கட்டுங்கள். வருபவர்கள் யாரிடமும் கட்டணம் வாங்க மாட்டோம். வீட்டு வேலைக்கும் காவல் வேலைக்கும் நம் நகருக்கு வந்துபோகும் பெரியவர்களுக்கும் இடம் உண்டு.

தொகையைச் சங்கத்தின் வங்கிக் கணக்கிலோ, மாலை 5 முதல் 7 வரை சங்க அலுவலகத்தில் நேரிலோ செலுத்தலாம். எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது, இதை முன்பே சொல்லிவிடுகிறோம். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கொத்தனார் வேலை, வெல்டிங், பெயின்ட் தெரிந்தவர்கள் இரண்டு நாள் உழைப்பாகவும் தரலாம்.

பெயர் பதியும் நோட்டு அலுவலகத்தில் இருக்கிறது. பதிய வரும் பெரியவர்கள், தாங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும், பயிற்சி செய்யலாம் என்று தங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். மூன்றாவது தெரு அம்மா முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார். தை பிறந்ததும் கூரை வேலை தொடங்குகிறது.

இப்படிக்கு,
செயற்குழு உறுப்பினர்கள்