தம்பி, உன் பேரை அன்னைக்கு யாரும் படிக்கல

தம்பிக்கு,

கொரோனாவால ஸ்கூல் மூடினதால போன வாரம் ஆன்லைன்ல வச்சாங்களே உங்க பட்டமளிப்பு ஃபங்ஷன், அது முடிஞ்சதுல இருந்து கேக்குறவங்ககிட்ட எல்லாம் "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னே சொல்லிட்டு இருக்க. ஆனா அன்னைக்கு உன் ரூம் வாசல்ல நின்னு நான் எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான்டா இருந்தேன்.

யூனிஃபார்ம் சட்டையை நீயே அயர்ன் பண்ணி காலர் பட்டன் வரைக்கும் போட்டுக்கிட்டு, கேமரா முகத்துக்கு நேரா வரணும்னு ஃபிசிக்ஸ் கெமிஸ்ட்ரி புக்கையெல்லாம் அடுக்கி அது மேல லேப்டாப்பை வச்சு உக்காந்திருந்த. ஒவ்வொரு பேரா படிச்சுட்டே வந்தாங்க. உன் பேரு 'வி'ல ஆரம்பிக்குது, 12 வருஷமும் அட்டெண்டன்ஸ்ல கடைசி, காத்திருந்து பழகினவன் நீ. ஃப்ரீ வீடியோ கால்ங்கிறதால 40 நிமிஷம் ஆனதும் கட் ஆயிடுச்சு. திரும்ப லிங்க் வரும்னு நீ அப்படியே உக்காந்திருந்த, வரவே இல்ல. அப்புறம் காலர் பட்டனைக் கழட்டிட்டு புக்கை ஒண்ணொண்ணா எடுத்து ஷெல்ஃப்ல வச்ச பாரு, அது இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது.

உலகமே உயிருக்குப் போராடுறப்ப ஃபங்ஷன் ஒரு கவலையான்னு சிலர் கேக்குறாங்க. இந்த 2020-ல ஸ்கூல், காலேஜ் மூடி 150 கோடி பேருக்கு மேல வீட்ல முடங்கினாங்கன்னு யுனெஸ்கோ கணக்கு சொல்லுது, அதுல நீ ஒருத்தன்தான், சரி. அதுக்காக உன் வருத்தம் சின்னதாயிடுமா? எனக்கு அப்படித் தோணல.

இன்னொன்னு, பரீட்சை இல்லாம பாஸ் பண்ண பேட்ச்னு யாராவது சொன்னா தலையைக் குனியாத. பல நாட்டு ஸ்கூல்ல இருக்குற ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலரியேட்) படிப்புக்கு மே மாச எக்ஸாமையே ரத்து பண்ணிட்டாங்க, பிரிட்டன்ல நம்ம பிளஸ் டூ மாதிரியான ஏ லெவல் பரீட்சையும் நடக்கல. நீங்க படிக்காம ஒண்ணும் நிக்கல, ராத்திரி ரெண்டு மணிக்கு உன் ரூம்ல லைட் எரிஞ்சது எனக்குத் தெரியும்.

மனசு இருந்த இடத்துல எல்லாம் வழி கண்டுபிடிச்சிருக்காங்கடா. ஜப்பான்ல மார்ச் மாசம் ஸ்கூல் மூடினதும் சின்னப் பசங்க மைன்கிராஃப்ட் கேம்லயே ஒரு ஹால் கட்டி, அதுக்குள்ள தாங்களே பட்டமளிப்பு விழா நடத்திக்கிட்டாங்க. அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல ஒரு ஸ்கூல், பனிச்சறுக்கு மலைக்குப் போற லிஃப்ட்ல பசங்களைக் குடும்பத்தோட மேல அனுப்பி, மலை உச்சியில வச்சு சர்டிஃபிகேட் கொடுத்திருக்கு. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்தது, ஏன்னா அங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியா ஒரு நிமிஷம் கிடைச்சிருக்கு. மே 16ஆம் தேதி ஒபாமா டிவில 2020 பேட்ச் மொத்தத்துக்கும் பேசினாரு, நல்லாத்தான் இருந்தது, நீயும் பார்த்த. ஆனா மொத்தமா வாழ்த்துறது வேற, நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிடுறது வேற இல்லையா.

அதனால ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நானே வீடியோ கால் போடுறேன், பாதியில கட் ஆகாத மாதிரி காசு கட்டியாச்சு. உன் கிளாஸ்ல எல்லாரையும் கூப்பிடு, அவங்க அப்பா அம்மாவையும் பக்கத்துல உக்காரச் சொல்லு. ஒவ்வொரு பேரையும் நிறுத்தி நிதானமா படிப்பேன், கைதட்டி முடியுற வரைக்கும் அடுத்த பேருக்குப் போக மாட்டேன். இந்தத் தடவை லிஸ்ட்டை கடைசில இருந்து ஆரம்பிக்கிறேன். சட்டையைத் துவைக்கப் போட்டுடாத, இன்னைக்கு ராத்திரிக்குள்ள எல்லார் பேரையும் இனிஷியலோட அனுப்பு.

அன்புடன்,
அக்கா