ரொறன்ரோவில் இப்ப விடிய நாலு மணி

அன்புள்ள மகனுக்கு,

இங்கே திருகோணமலையில் விடிஞ்சதிலிருந்து மழை. கோணேசர் கோயிலுக்கு வெளிக்கிட்ட அம்மாவை மறித்துவிட்டேன், கோபம் இன்னும் ஆறவில்லை. கேற்றடியில் இரண்டு மான்கள் ஒதுங்கி நிற்கின்றன.

இடி தொடங்க முன்னமே டிவி, ரவுட்டர் எல்லாவற்றையும் கழற்றினேன். சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே இழுக்க வேண்டும். நீயும் அப்படிச் செய். அப்புறம் கரண்டும் போயிட்டுது. சிரிப்பாய், எனக்கு அதில் சந்தோசம்தான். எல்ஈடி பல்ப், போன் சார்ஜர், அயல்வீட்டு ரவுட்டர் எல்லாம் ஓய்ந்தால்தான் சிற்றலையில் அந்த இரைச்சல் அடங்கும். பற்றரியில் றேடியோவைப் போட்டால் எங்கேயோ ஒரு அரபுப் பாட்டு அவ்வளவு தெளிவு, மின்னலுக்கு மட்டும் ஒரு கர்ர்.

றேடியோ நிலையங்கள் உனக்கு அனுப்பின கார்டுகளின் ஆல்பத்தில் பூஞ்சணம் பிடிக்கப் பார்க்குது. ஒவ்வொன்றாகத் துடைத்து, உன் சப்பாத்துப் பெட்டியில் கிடந்த சிலிக்கா ஜெல் பைகளை இடையில் வைத்தேன். நிலாவெளிக்கு அங்கால இருந்த ஜெர்மன் வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையம் 2013இல் இலங்கை வானொலியிடம் போய்விட்டது, அவர்களுடைய கார்டு இனிக் கிடைக்குமா? நிகழ்ச்சி எப்படிக் கேட்டது, ஒலி எவ்வளவு, குறுக்கீடு எவ்வளவு என்று ஐந்துக்குப் புள்ளி போட்டு, பிழையில்லாமல் நிலையங்களுக்கு எழுதி அந்தக் கார்டுகளை வாங்கினாய். தபால்காரருக்கே பெருமை. அந்தப் பிள்ளை இப்ப அம்மாவின் வொய்சுக்கு ஒரு தம்ஸ் அப் போட்டுவிட்டுப் போகிறான்.

தம்பி, நான் உளவு பார்க்கவில்லை. பின்னேரம் இரண்டரைக்கு வட்ஸ்அப்பைத் திறந்தால் நீ ஒன்லைனில் நிற்கிறாய், அங்கே அது விடிய நாலு மணி. ஒரு நாள் என்றால் சரி. காலமை வேலைக்குப் போகிறவன் அந்த நேரத்தில்... சரி, விடு. இரவில் ரவுட்டரை நிறுத்திவிட்டுப் படு. நித்திரை முக்கியம். வேலை வரும், போகும், அதை வீட்டில் சொல்லக்கூடாது என்று ஒன்றும் இல்லை. பொதுவாகத்தான் சொல்கிறேன். இந்த மாதம் காசு அனுப்ப வேண்டாம், பென்ஷன் காணும். பிளக்கைக் கழற்ற மறக்காதே.

கடைசியாக ஒன்லைனில் இருந்த நேரத்தை மறைக்கலாமாம், பக்கத்து வீட்டுப் பிள்ளை காட்டித் தந்தது. நீ மறைத்துவிடாதே. அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறவள். நானும்தான்.

இதற்கும் தம்ஸ் அப் போடாமல் ஒரு கோல் எடு. எந்த நேரமென்றாலும் எடு, உன்னுடைய அந்த நாலு மணிக்கென்றாலும்.

அப்பா