லேப் தங்கைக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கண்ணில் இருந்த மஞ்சளும் குறைந்துகொண்டிருக்கிறது. பித்த நாளத்தில் வைத்திருந்த ஸ்டென்ட் (பித்தநீர் வடிவதற்கான சிறு பிளாஸ்டிக் குழாய்) அடைத்து, தொற்று ஏறி, காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, மைக்ரோபயாலஜி லேபில் அன்று இரவுப் பணியில் இருந்த தங்கைக்கு. பித்தநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில், மெக்கான்கி என்ற ஊட்டத் தட்டில் இளஞ்சிவப்புக் காலனி (கிருமித் திட்டு) வளர்ந்தால், குடலில் வாழும் ஈ.கோலை கிருமி என்று எழுதிவிடுவது சுலபம். பித்த நாளத் தொற்றில் அடிக்கடி வருவதும் அதுதான். நீங்கள் அதோடு விடவில்லை அம்மா. ரத்தம் கலந்த பிளட் அகார் தட்டில் காலனியைச் சுற்றி ரத்தம் கரைந்து தெளிந்திருந்ததைக் கவனித்து, அங்கிருந்தே மரக்குச்சியால் தொட்டெடுத்து ஆக்ஸிடேஸ் என்ற நிறமாற்றச் சோதனை போட்டீர்கள். மெக்கான்கியிலிருந்து எடுத்திருந்தால் அதில் ஊறிய அமிலம் சோதனையைக் கெடுத்திருக்கும். நிக்ரோம் கம்பியால் எடுத்திருந்தால் பொய்யாகவே நிறம் மாறியிருக்கும். 10 நொடிக்குள் ஊதா! ஈ.கோலை அப்படி மாறாது. ஆற்றிலும் குளத்திலும் சில சமயம் குழாய்த் தண்ணீரிலும் இருக்கும் ஏரோமோனாஸ் என்ற கிருமி இப்படித்தான் பிடிபட்டது.

ரிப்போர்ட் அச்சாகட்டும் என்று காத்திருக்காமல் வார்டுக்குப் போன் போட்டு, "மெரோபெனம் சென்சிடிவ் என்று வந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம் டாக்டர்" என்றீர்களாம். இந்த இனத்தில் பலவற்றுக்கு, மெரோபெனம் போன்ற கார்பபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளை உடைக்கும் நொதி உண்டு; வழக்கமான சோதனையில் அது தெரியாமலே போய்விடலாம். ஆம்பிசிலின் இதனிடம் பெரும்பாலும் எடுபடாது. அண்ணனுக்குக் கேட்டது சிப்ரோஃப்ளாக்சசின். அந்த ஒரு போன் இல்லையென்றால் எந்த மருந்தில் நின்றிருப்போமோ, நினைத்தாலே நடுங்குகிறது.

எக்ஸ்ரேயில் நாளம் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்துவதற்கு முன்பே பித்தநீரை உறிஞ்சி அனுப்பி, அடைத்திருந்த ஸ்டென்டை மாற்றிய இ.ஆர்.சி.பி. (வாய்வழியாக ஸ்கோப் விட்டுப் பித்த நாளத்தைச் சரிசெய்யும் முறை) டாக்டருக்கும், ஆன்டிபயாடிக் ஏற்றுமுன் இரண்டு கைகளிலும் தனித்தனியாக ரத்தம் எடுத்த சிஸ்டர்களுக்கும், ஸ்கோப்பின் குழாய்களைக் கழுவியதோடு விடாமல் காற்று செலுத்தி உலர்த்தும் எண்டோஸ்கோபி ஊழியர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் வணக்கம்.

காய்ச்சல் ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பது இப்போது புரிகிறது. பிளாஸ்டிக் ஸ்டென்டின் உட்புறத்தில் கிருமி வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கிறது. மருந்து அதற்குள் சரியாக இறங்காது. நிறுத்தியதும் மறுபடி கிளம்பும். ஸ்டென்டின் முனை குடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால், தண்ணீரோடு குடலுக்குப் போனது மேலே ஏறவும் வழி கிடைக்கிறது.

இனி எங்கள் வீட்டில் குடிநீர் கொதித்த பிறகுதான். ஸ்டென்ட் வைத்த தேதியும், டாக்டர் சொன்ன 3 மாதக் கெடுவும் ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியாயிற்று. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருக்க மாட்டோம், அந்த நேரமே கிளம்பிவிடுவோம். ஸ்டென்டோடு இருக்கும் மற்றவர்களுக்கும் இதையெல்லாம் எடுத்துச் சொல்வோம். இது தங்கைக்கு நாங்கள் தரும் வாக்கு.